பட்டியலில் இல்லாத ஆறாயிரம் ரூபாய்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 28,000 ரூபாய் வரும். வருகிற ஜூனில் மகள் 9ஆம் வகுப்புக்கும் மகன் 4ஆம் வகுப்புக்கும் போகிறார்கள். இருவரும் ஒரே மெட்ரிக் பள்ளி. கடந்த ஆண்டு கட்டணம் போக, புத்தகமும் நோட்டும் 7,400, சீருடை 5,200, ஷூவும் சாக்ஸும் 2,600, இரண்டு பைகள் 2,300, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பேனா, பென்சில் வகையறா 1,900 என்று 19,400 ரூபாய் செலவானது. இதற்கும் கட்டணத்தில் விழுந்த துண்டுக்கும் சேர்த்து என் செயினை மே மாதம் 25,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். இரண்டு வட்டி. மாதாமாதம் வட்டி கட்டுகிறோமே தவிர, மீட்க முடியவில்லை. இந்த ஆண்டு மகளுக்குச் சீருடையும் மாறுகிறது. புதுப் பையும் கேட்கிறாள். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். செலவைக் குறைக்க வழி சொல்வீர்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரி,

போன ஆண்டுச் செலவை இனம் பிரித்து எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்படிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. 25,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 500 ரூபாய். சென்ற மே மாதம் வைத்த நகைக்கு இந்த மே வரும்போது 6,000 ரூபாய் வட்டியாக மட்டும் போயிருக்கும். இரண்டு பிள்ளைகளின் சீருடைக்கு நீங்கள் கொடுத்ததே 5,200தான். ஆக, போன ஆண்டுச் செலவு 19,400 அல்ல, 25,400. அசல் இன்னும் அப்படியே நிற்கிறது.

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவள் நான். மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் வந்தால் எங்கள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வருபவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பலர் கையில் பள்ளி கொடுத்த பட்டியல் மடித்திருக்கும். கடையில் நோட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசும் அதே பெண்மணி, இரண்டு வட்டியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பார். நூற்றுக்கு இரண்டு என்று கேட்கும்போது சின்னதாகத்தான் படுகிறது. ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள். எனவே கடைக்குப் போவதற்கு முன் அடகுக் கடைக்குப் போகச் சொல்கிறேன்.

செயினை மீட்டு, பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடனாக மாற்றி வையுங்கள். அங்கே ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 25,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 2,500தான் வரும். மதிப்பீட்டாளர் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று சிறு தொகை பிடிப்பார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மீட்கப் பணம் வேண்டுமே என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். அண்ணனிடமோ, கடை முதலாளியிடமோ, நம்பிக்கையான உறவினரிடமோ ஒரே ஒரு நாளுக்கு என்று சொல்லி வாங்குங்கள். காலையில் மீட்டு, வாங்கிய இடத்திலேயே எடையை அடகுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, மாலையில் கைமாற்றைத் திருப்பிவிடலாம். ஆதாரும் பான் அட்டையும் கையில் இருக்கட்டும். பான் இல்லையென்றால் அதற்குப் பதிலாக ஒரு படிவம் பூர்த்தி செய்யச் சொல்வார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. தங்கம் விலை ஏறியிருப்பதால், அதே செயினுக்கு வங்கியில் 25,000ஐ விட அதிகமாகவே தர முன்வருவார்கள். வாங்காதீர்கள். அசல் எவ்வளவோ அவ்வளவு மட்டும் போதும். கையில் ஆயிரம், இரண்டாயிரம் சேரும்போதெல்லாம் அசலில் கட்டிவிட முடியுமா, கடன் காலம் எத்தனை மாதம் என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பெரும்பாலும் 12 மாதத்துக்குள் அடைக்க வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் எழுதிவிடுங்கள்.

இனி கடைக்கு வருவோம். உங்கள் செலவில் பெரியது புத்தகமும் நோட்டும்தான். பள்ளியில் மொத்தமாக ஒரு கட்டு கொடுத்து ஒரே தொகை சொல்லியிருப்பார்கள். இந்த முறை, எந்தப் புத்தகம் என்ன விலை என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். மெட்ரிக் பள்ளி என்றால் முக்கியப் பாடங்களுக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள்தான். விலை புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும். அதைக் கூட்டிப் பாருங்கள். கட்டின் விலைக்கும் அதற்கும் நடுவே உள்ள தொகை பொது அறிவு, கையெழுத்துப் பயிற்சி, கணினி, ஓவியம் என்று தனியார் வெளியீடுகளுக்கும், பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டுகளுக்கும் போகிறது. எந்தெந்தப் புத்தகம் கட்டாயம், எதை வெளியில் வாங்கலாம் என்று பணிவாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதே வகுப்புப் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒரு வீட்டுக்கு மறுக்கும் பள்ளிகூட ஐந்து வீடு சேர்ந்து கேட்கும்போது யோசிக்கும்.

9ஆம் வகுப்புக்கு உங்கள் தெருவிலோ பள்ளியிலோ இந்த ஆண்டு பத்தாவது போகும் பெண்ணைத் தேடுங்கள். நன்றாக வைத்திருந்த புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. அட்டை போட்டு ஒரு லேபிள் ஒட்டிவிட்டால் அது உங்கள் மகளின் புத்தகம். தேர்வு முடிந்த கையோடு கேட்டால்தான் கிடைக்கும்; மே பிறந்துவிட்டால் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: இந்த ஆண்டு அந்த வகுப்புக்குப் பாடத்திட்டம் மாறுகிறதா என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள். ஒரு பாடத்துக்கு மட்டும் புத்தகம் கிடைக்கத் தாமதமானால் பதற வேண்டாம். பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. முதல் இரண்டு பாடங்களைக் கைப்பேசியில் வைத்துப் படித்துவிடலாம்.

மகனுக்கு நிலைமை வேறு. 4ஆம் வகுப்புக்கு முப்பருவ முறை. ஜூனில் அவனுக்கு வேண்டியது முதல் பருவப் புத்தகம் மட்டுமே. நோட்டுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பட்டியலில் 24 நோட்டு என்று இருந்தால் அது ஆண்டு முழுவதற்குமான கணக்கு. பாடத்துக்கு ஒன்று என்று ஜூனில் பாதி வாங்கினால் போதும். எந்த ஆசிரியர் அதிகம் எழுதச் சொல்கிறார் என்பது ஜூலையில் தெரிந்துவிடும். போன ஆண்டு வாங்கிய நோட்டுகளை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். ஏழெட்டுப் பக்கம் எழுதிவிட்டு நிறுத்திய நோட்டு வீட்டுக்கு வீடு இருக்கும். எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, மீதமுள்ள தாள்களைச் சேர்த்துத் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டு ஆகிவிடும். என் அப்பா ஆண்டுதோறும் சாக்கு ஊசியும் கெட்டி நூலுமாக உட்கார்ந்து இதைச் செய்வார். கல்லூரி முடிக்கும் வரை நான் ரஃப் நோட்டு என்று கடையில் வாங்கியதே இல்லை.

நோட்டு வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காமல் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 192 பக்கம் என்று நினைத்துக் கேட்பீர்கள். கையில் வருவது 172ஆக இருக்கும். விலையைப் பக்கத்தால் வகுத்து, நூறு பக்கத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு. பெரிய நிறுவன நோட்டுக்கும் சிவகாசியில் தயாராகி வரும் சாதாரண நோட்டுக்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான்: மை ஊறுகிறதா இல்லையா. ஒன்றை வாங்கி, கடைசிப் பக்கத்தில் மகளின் பேனாவால் நான்கு வரி எழுதிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊறவில்லையென்றால் டஜன் கணக்கில் எடுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதற்கான எல்லை மட்டுமே. டஜனாக வாங்குபவருக்கு மொத்தக் கடைக்காரர் குறைத்துத்தான் தருவார். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ஷார்ப்னர், கிரேயான், ரப்பர் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன் நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதம் இருந்தது. பழைய சரக்கைப் பழைய விலையிலேயே கொடுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். ரசீது வாங்கினால் வரி போட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

உங்கள் ஊரில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் புத்தகக் கடைகளும் தையற்காரர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கு அருகில் உள்ள கடையில் விலை கேட்டுவிட்டு, அங்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கார்ட்டூன் படம் போட்ட பென்சில் பெட்டிக்கு முன்னால் நின்று அழும் பிள்ளையிடம் இல்லை என்று சொல்வதைவிட, அந்தப் பெட்டி இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போகாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

சீருடையில் இந்த ஆண்டு அதிகம் மிச்சமாகாது. அதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவதில் பல பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குச் சுடிதாரும் ஓவர்கோட்டும் வந்துவிடுகின்றன. உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் என்றால் ஓவர்கோட்டுத் துணி மட்டும்தான் பள்ளி சொல்லும் இடத்தில் வாங்க வேண்டியிருக்கும். சுடிதாரின் மேல்துணியும் கால்துணியும் ஒரே நிறமாக இருந்தால் பள்ளியில் மாதிரித் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு, விளக்குத்தூண் பக்கத்திலோ நீங்கள் வேலை பார்க்கும் கடையிலோ மீட்டர் கணக்கில் எடுங்கள். ஊழியர்களுக்குத் தள்ளுபடி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டிய நேரம் இதுதான். நான்கு செட் வேண்டாம். மூன்று போதும், ஓவர்கோட் இரண்டு போதும். வளரும் வயதுப் பெண். கீழ்மடிப்பில் இரண்டு அங்குலமும் பக்கத் தையலில் ஓர் அங்குலமும் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தையற்காரரிடம் மே முதல் பதினைந்து நாளுக்குள் துணி போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு கூலியும் கூடும், அவசரத்தில் உள்மடிப்பையும் வெட்டிவிடுவார்கள். மகனுக்குச் சீருடை மாறவில்லையே. போன ஆண்டு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டு, ஒரே ஒரு செட் புதிதாக எடுங்கள். மகளின் பழைய சீருடை நல்ல நிலையில் இருந்தால் எட்டாவதுக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்தும் யாராவது உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஷூவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு வரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்; பிள்ளை ஆண்டு முழுவதும் காலை இழுத்து இழுத்து நடக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டி வாங்குங்கள். ஷூவை மட்டும் கடைசியாக, மாலை நேரத்தில், பிள்ளையை அழைத்துப் போய் வாங்குங்கள். காலையைவிட மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். ஒருவர் போட்டுத் தேய்ந்த ஷூவை மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் எவர்சில்வராக வீட்டில் இருப்பதே போதும். மூடியின் ரப்பர் வளையம் போயிருந்தால் அதை மட்டும் பாத்திரக் கடையில் மாற்றுங்கள்.

அரசுப் பள்ளி பற்றி உங்கள் கணவர் சொன்னதைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடநூல், நோட்டு, பை, காலணி, எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடை என்று நீங்கள் எழுதிய பட்டியலில் பெரும்பகுதி அங்கே விலையில்லாமல் கிடைக்கிறது. பதினோராம் வகுப்பில் சைக்கிளும் உண்டு. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்கு ஒன்றல்ல. மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், 2024இல் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் அந்த ஆறாம் வகுப்புதான் தொடக்கம். மகள் ஒன்பதில் மாறினால் செலவு குறையும், இந்த உரிமைகள் வராது. தோழிகளையும் ஆசிரியர்களையும் விட்டு, பத்தாவதுக்கு முந்திய ஆண்டில் மாறுவது அவளுக்குப் பாரமாக இருக்கலாம். அவளிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். மகனுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அவன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது மாற்றினால் இப்போதுள்ள விதிகளின்படி எல்லாமே பொருந்தும். அதற்குள் உங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நீங்கள் இருவரும் நேரில் ஒருமுறை போய், வகுப்பறையையும் கழிப்பறையையும் பாருங்கள், தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

தொடர்வதாக இருந்தால், இப்போதைய பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது. நீங்கள் கட்டுவது அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

நான் சொன்னபடி செய்தால் எனக்குத் தெரிந்த மதுரை விலையில் புத்தகமும் நோட்டும் 5,000, சீருடை 4,000, ஷூ 2,200, சில்லறைச் சாமான்கள் 800 என்று 12,000 ரூபாயில் முடிக்கலாம். அதிலும் ஜூனில் தேவைப்படுவது ஏறக்குறைய 9,500தான். மீதி மகனின் அடுத்த பருவங்களுக்கும் இரண்டாம் சுற்று நோட்டுக்கும். கடன் மாற்றியதில் மாதம் 290 ரூபாய் கையில் நிற்கும். அதோடு 700 சேர்த்து, ஜூன் மாதமே வங்கியில் 12 மாதத் தொடர் வைப்புக் கணக்கு (ஆர்.டி.) ஒன்றைத் தொடங்குங்கள். அடுத்த ஜூனில் ஏறத்தாழ 12,000 கையில் இருக்கும். அஞ்சலகத்தில் தொடங்க வேண்டாம். அங்கே தொடர் வைப்பு ஐந்தாண்டுக் கணக்கு. அடுத்த ஜூனுக்கு உதவாது. சீட்டு சேர்வதாக இருந்தால் பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டும் சேருங்கள். இணையத்தில் தவணை முறையில் பள்ளிச் சாமான்களை மொத்தக் கட்டாக வாங்கச் சொல்லி வரும் விளம்பரங்களைத் திறக்கவே வேண்டாம்; உங்களுக்கு இப்போது இன்னொரு தவணை ஆகாது.

மகளின் பையைக் கடைசியாக வைத்திருந்தேன். இன்றே அதைக் காலி செய்து, தையலையும் ஜிப்பையும் பாருங்கள். ரன்னர் மட்டும் போயிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சின்னத் தொகைக்கு மாற்றிவிடலாம். தோள்பட்டி அறுந்து மறுபடி மறுபடி தைத்த பையாக இருந்தால் அவள் கேட்பது ஆடம்பரமில்லை. மேலே சொன்ன கணக்கில் 900 ரூபாய் கூட்டி வாங்கிக் கொடுங்கள். பெரிய பை வேண்டாம். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் பையே கனமாக இருந்தால் புத்தகத்துக்கு இடமேது? வாங்கும் முன் அவளை உட்காரவைத்து இந்தக் கணக்கு முழுவதையும், அடகு வைத்த செயினையும் சேர்த்துக் காட்டுங்கள். 14 வயதுப் பெண்ணுக்கு இது புரியும். பைக்கு என்று ஒதுக்கிய பணத்தை அவள் கையில் கொடுத்து, நிறத்தையும் வடிவத்தையும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மீதம் பிடித்தால் அது அவளுக்கே.